கவுன்டர் ஆறு, ஆள் இரண்டு: எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கிளை மேலாளருக்கும், அவருக்கு மேலே உட்கார்ந்து எந்தக் கவுன்டருக்கு எத்தனை ஆள் என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

இந்த மாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் 6:10க்கு உங்கள் திருச்சிக் கிளையில் கூடையைத் தூக்கிக்கொண்டு பில் போடும் வரிசையில் நின்றேன். தெருவுக்கு வந்தபோது மணி 6:51. கூடையில் இருந்தது இரண்டு கிலோ உளுந்து, ஒரு லிட்டர் நல்லெண்ணெய், நான்கு சோப்பு, ஒரு கட்டு கொத்தமல்லி. நான் வரிசையில் நின்ற நேரத்தில் அந்த உளுந்தில் ஒரு கிலோவைக் களைந்து ஊறப் போட்டிருந்தால், பாதி ஊறியிருக்கும்.

மணியை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். தொழில் புத்தி. 34 வருடம் தொலைபேசித் துறையில் இருந்தேன், 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லிலிருந்து விருப்ப ஓய்வில் ஒரே நாளில் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். வரிசையும் காத்திருப்பும்தான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் 'மாசம் முதல் வாரம்னா கூட்டம் இருக்கத்தான் சார் செய்யும்' என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னபோது மற்றவர்களைப் போலத் தலையாட்டிவிட்டு வர முடியவில்லை.

அந்த 41 நிமிடம் எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் பில் போடும் மெஷின் ஆறு. ஆள் இருந்தது இரண்டில். ஐந்தாவது கவுன்டர் மேல் பிஸ்கட் டின்னைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஆறாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்தக் கடிதமே அதனால்தான். எனக்கு முன்னால் ஏழு பேர். முதலில் இருந்த பெண் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தக்காளியை நீட்டினார், அதில் எடை ஸ்டிக்கர் இல்லை. காய்கறிப் பக்கம் எடை போட ஆள் இல்லாததால் ஒட்டாமலே எடுத்து வந்துவிட்டார். கவுன்டரில் ஒரு தராசு இருந்தால் பத்து விநாடி வேலை. அது இல்லாததால் ஒரு பையன் தக்காளியோடு உள்ளே ஓடித் திரும்பி வர நான்கு நிமிடம். அடுத்தவருடைய ஷாம்பு: ரேக்கில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அட்டை தொங்குகிறது, பில்லில் இரண்டுக்கும் விலை விழுகிறது. அவர் வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் கேன்சல் பண்ண வேண்டும், கேன்சல் பண்ண சூப்பர்வைசர் கார்டைத் தேய்க்க வேண்டும், சூப்பர்வைசரோ பின்வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறார். ஆறு நிமிடம். அதன் பிறகு பில் ரோல் தீர்ந்தது. புது ரோல் பக்கத்துக் கவுன்டர் டிராயரில் இருக்கிறது, டிராயர் பூட்டியிருக்கிறது.

இப்படி 34 நிமிடம் நின்றேன். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண் என் நான்கு சாமான்களுக்கும் பில் போட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் போன் நம்பர் கேட்டார், பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்டார், பை வேணுமா என்று கேட்டார், இரண்டு ரூபாய் சில்லறை இல்லை சாக்லேட் தரட்டுமா என்றும் கேட்டார். பிறகு வாசலில் செக்யூரிட்டி பில்லைப் பார்த்துப் பேனாவால் கோடு போட இன்னொரு வரிசை, மூன்று நிமிடம். அதையும் தாண்டினால் உள்ளே வரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் மஞ்சப்பையைத் திரும்ப வாங்க டோக்கனோடு இரண்டு நிமிடம். இந்தப் பை விவகாரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வரும் பையை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டு, பில் போடும்போது 'பை வேணுமா, பதினைந்து ரூபா' என்று கேட்டால், என் பை வெறும் பத்தடி தள்ளிக் கம்பியில் தொங்குகிறதே அம்மா என்று யாரிடம் சொல்வது?

சரி, ஆறாவது கவுன்டர்.

போன மாதம் வரை அதன் மேலே 'ஐந்து பொருளுக்குள் மட்டும்' என்று ஒரு பலகை தொங்கியது. வயதானவர்கள், ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க ஓடி வருகிறவர்கள் எல்லாம் அதில்தான் போவார்கள். உங்கள் கடையில் யாரோ யோசித்துச் செய்திருந்த ஒரே விஷயம் அதுதான். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு இப்போது 'செயலி உறுப்பினர்களுக்கு மட்டும் விரைவு வரிசை' என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதில் ஒரு பையன் சும்மா நின்றுகொண்டிருந்தான். நான் பார்த்த 34 நிமிடத்தில் அவனிடம் வந்தவர்கள் மூன்று பேர்.

எனக்குப் பின்னால் ஒரு பாட்டி. எழுபத்தைந்து இருக்கும். கையில் ஒரே ஒரு பால் பவுடர் பாக்கெட், இன்னொரு கையில் மடித்த ஐந்நூறு ரூபாய். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஆறாவதுக்குப் போனார். பழைய பழக்கம். பையன், "ஆப் இருந்தாத்தான் பாட்டி இதுல" என்றான். பாட்டிக்குப் புரியவில்லை. "போனைக் குடுங்க, நானே போட்டுத் தரேன்" என்றான். அவர் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை விலக்கி, ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பையன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தான். "சிஸ்டம் கேக்குது பாட்டி. நம்பர் போடாம திறக்காது. நான் என்ன பண்ணட்டும்?" அவன் முகத்தில் இருந்தது சங்கடம்தான், திமிர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

நான் என் இடத்தைக் கொடுத்தேன். அதனால் அவர் ஒரு ஆள் முன்னால் வந்தார், அவ்வளவுதான். முன்னால் டிராலி நிறைய வைத்துக்கொண்டிருந்தவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் பத்து நிமிடம் போல நின்ற பிறகு பாட்டி அந்தப் பாக்கெட்டைச் சூயிங்கம் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பில் போட்டு வெளியே வந்து தெரு முனை வரை பார்த்தேன், ஆளைக் காணவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ண வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதம். கூடக் காசு கொடுத்தால் முன்னால் போகலாம். அதில் நியாயம் இருந்ததா இல்லையா என்பது வேறு கதை, ஆனால் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும், அவசரம் என்றால் கூலிக்காரரும் கடன் வாங்கியாவது அர்ஜென்ட் போடுவார். சாவுச் செய்தி சொல்ல அப்படிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். உங்கள் விரைவு வரிசைக்கும் விலை இருக்கிறது. அதை ரூபாயில் கேட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று போன் நம்பராகக் கேட்கிறீர்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவர் கடன் வாங்கியும் அதைக் கொடுக்க முடியாது. பில் போட வாடிக்கையாளரின் மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு போக நீங்கள் கண்டுபிடித்த வழி, நம்பர் கொடுக்காதவனைக் காக்க வைப்பது. கட்டாயம் என்று பலகையில் எழுதவில்லைதான். கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கூட்டம் என்கிற சமாதானத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் எர்லாங் என்று ஒருவர் இருந்தார். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை. எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று முதலில் கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர், 1909இல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. எங்கள் துறையில் டிராஃபிக்கை, அதாவது லைன்களில் ஓடும் பேச்சின் அளவை, இன்றைக்கும் அவர் பெயரில்தான் அளக்கிறோம், ஒரு எர்லாங், இரண்டு எர்லாங் என்று. அவர் வழியில் வந்த கணக்கை உங்கள் கவுன்டருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குப் பில் போட சராசரி மூன்று நிமிடம், ஆட்கள் வருவதும் முன்பின்னாக, ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவுன்டருக்கு மணிக்கு 16 பேர் வந்தால், கேஷியருக்கு மணிக்கு 48 நிமிடம் வேலை, 12 நிமிடம் ஓய்வு. அப்போது ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 12 நிமிடம். இன்னும் இரண்டே இரண்டு பேர் கூடி 18 ஆனால்? காத்திருப்பு 27 நிமிடம். ஆள் எட்டில் ஒரு பங்கு கூடினார்கள், காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கேஷியர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நீங்கள் திட்டம் போடப் போட, எங்கள் வரிசை இப்படித்தான் வீங்கும். அவர் சும்மா இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வரிசை மூச்சு விடும் இடம்.

அதே 18 பேருக்கு இன்னொரு கவுன்டரைத் திறந்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை விட்டால் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் தலைமை அலுவலகத்தில் கணக்குப் படித்த பிள்ளைகள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கூட்டம் தினமும் வருவதும் இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வடிவமைக்கும்போது நாங்கள் நள்ளிரவு டிராஃபிக்கைப் பார்த்து லைன் போட்டதில்லை, பிஸி ஹவர் என்று, அதிகம் பேர் பேசும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்து அதற்குத்தான் போடுவோம். உங்களுக்குக் கண்டுபிடிக்கும் வேலைகூட இல்லை. ஒவ்வொரு பில்லிலும் மணி அச்சாகிறது. எப்போது நெரிசல் வரும் என்பது உங்கள் கம்ப்யூட்டரிலேயே வருடக்கணக்காகக் கிடக்கிறது.

அதோடு கவுன்டருக்கு ஒரு வரிசை என்பதே தப்பு. மூன்று வரிசை இருந்தால் நான் நிற்பதுதான் மூன்றிலும் வேகமாகப் போவது என்பதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான், மற்ற இரண்டு தடவையும் பக்கத்து வரிசை நம்மைத் தாண்டிப் போகும். 'நம்ம நின்னாலே இப்படித்தான்' என்று ஜனங்கள் ஜாதகத்தை நொந்துகொள்வது இதனால்தான். ஒரே வரிசையாக விட்டால் தக்காளிக்கு ஸ்டிக்கர் ஒட்டாத ஒருவரால் ஏழு பேர் சிக்கமாட்டார்கள். பாஸ்போர்ட் ஆபீசில் டோக்கன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு நாளும் நேரமும் போட்டு டோக்கன் தருகிறார்கள். அரசாங்கத்தைக் கிண்டல் பண்ணித்தானே தனியார் கடைகள் வந்தன?

அண்ணாச்சி கடைக்கே போக வேண்டியதுதானே என்று என் மகன் கேட்கிறான். போவேன், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணாச்சி ஒன்றும் உத்தமர் இல்லை, பழைய துவரம்பருப்பைப் புதுசோடு கலந்து கட்டியவர்தான். ஆனால் பத்துப் பேர் நின்றாலும் தலையைத் தூக்கி எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். 'ஆத்தா, உங்களுக்கு என்ன, சீக்காய்ப் பொட்டலம்தானே? இந்தா' என்று எட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி லிஸ்டுக்குப் போவார். யாரும் முறைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் சாஃப்ட்வேரால் அந்த ஒரு பார்வை பார்க்க முடியவில்லை. பார்க்கத் தெரிந்த பையனையும் நம்பர் போடாமல் திறக்காத மெஷினுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறீர்கள்.

உங்கள் கேஷியர்களைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திட்டுவது அவர்களைத்தான், ஏனென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அவர்கள் மட்டும்தான். அன்றைக்கு என் கவுன்டரில் இருந்த பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டே பில் போட்டார், நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டார். நாங்கள் அரை மணி நின்றதற்கே இப்படிப் புலம்புகிறோம். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவே சேர்த்திருக்கிறார்கள், கேரளத்தில் அதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்டது. உங்கள் ஆறு கவுன்டரிலும் நான் ஒரு ஸ்டூல்கூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் முறைப்படி சொல்லிப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். புகார்ப் புத்தகம் கேட்டேன், 'அதெல்லாம் இப்ப ஆன்லைன்தான் சார்' என்றார்கள். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று பாட்டுக்கு நடுவில் 11 நிமிடம் கேட்டேன். டெலிபோன்காரனிடமே இந்த வேலையா என்று சிரிப்பு வந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, அன்பாகத்தான் பேசினார், குறித்துக்கொண்டதாகச் சொன்னார். மறுநாள் காலை 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தது. என்ன தீர்த்தார்கள் என்று பார்க்கவே அன்று சாயங்காலம் கடைக்கு வந்தேன். பிஸ்கட் கோபுரம் இன்னும் ஒரு அடுக்கு ஏறியிருந்தது.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஆறாவது கவுன்டரின் பலகையைக் கழற்றி, 'ஐந்து பொருளுக்குள்' பலகையை மறுபடி மாட்டுங்கள், போன் இருக்கிறதோ இல்லையோ யார் வேண்டுமானாலும் அதில் போகலாம் என்று ஆக்குங்கள். ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை சாயங்காலம் 6 முதல் 9 வரை ஆறு கவுன்டரும் திறந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. கயிறு கட்ட இடம் வேண்டுமென்றால் பிஸ்கட்டை நகர்த்துங்கள். நெரிசல் நேரத்தில் கேன்சல் கார்டு வைத்திருப்பவர் கவுன்டர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, லோடு இறக்க வேறு ஆளை வையுங்கள். ஒரு கவுன்டரிலாவது தராசு வையுங்கள். நம்பர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி கேட்காமல் பில் விழும்படி மெஷினை மாற்றுங்கள். வெறும் துணிப்பையைக் கடைக்குள் விடுங்கள், அல்லது பையை வாங்கி வைத்தவர்களுக்கு உங்கள் பையை இலவசமாகக் கொடுங்கள், இரண்டில் ஒன்று. கேஷியர்களுக்கு நாற்காலி போடுங்கள், இது சலுகை இல்லை, சட்டம். புகார்ப் புத்தகம் ஒன்று வாங்கி நூல் கட்டித் தொங்கவிடுங்கள், நூறு ரூபாய்க்குள் வரும், பேனா நான் தருகிறேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் 6:10க்கு இதே நான்கு சாமான்களோடு வந்து நிற்பேன், கையில் கடிகாரமும் நோட்டும் இருக்கும். ஆறாவது கவுன்டரில் பழைய பலகையும், தொங்கும் புகார்ப் புத்தகமும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லாவிட்டால் வாசலில் நின்றே 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்துப் புகாரைப் பதிவு செய்வேன், நாற்காலிக்குத் தொழிலாளர் துறைக்குத் தனியாக ஒரு மனு போகும். அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். எனக்குப் பழக்கம்தான்.

அந்தப் பாட்டி மறுபடி வந்தால், அந்தப் பையனை விட்டே பில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்று நான்காவது கவுன்டரில் உளுந்தும் நல்லெண்ணெயும் வைத்துக்கொண்டு எட்டாவது ஆளாக நின்றவன்